காலி வண்டி

எங்கள் வீட்டுக்கு லாரி காலியாக வந்ததே இல்லை. கோயம்புத்தூரில் மோட்டார் பம்புகளையோ கிரைண்டர்களையோ ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் அப்பா, அங்கே திரும்பி வருவதற்கு ஒரு லோடு கிடைக்கும்வரை வண்டியை எடுக்கமாட்டார். அடுப்பும் அரிசியும் வண்டியிலேயே இருக்கும். பொங்கித் தின்றுகொண்டு அங்கேயே கிடப்பார். காலி வண்டியை ஓட்டி வருவது எங்கள் பக்கத்து லாரிக்காரர்களுக்கு நஷ்டம் என்பதைவிட மானக்கேடு. எங்கள் ஊர் கிணத்துக்கடவில் யாராவது அப்படி வந்து மாட்டிக்கொண்டால் போதும், டீக்கடையில் வைத்து ஓட்டுவார்கள். "ஏனுங்க, அத்தன தூரம் போயி காத்த ஏத்தியாந்தீங்களாக்கு?"

நான் சிறுமியாக இருந்தபோது ரிட்டன் லோடு என்றால் பஞ்சுதான். கோவையில் மில்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாக்பூர்ப் பக்கமிருந்து பொதி பொதியாக வரும். வண்டியை விட்டு இறங்கும் அப்பாவின் புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். மில்கள் ஒவ்வொன்றாக மூடியபின் வெங்காயம், பூண்டு, ஆரஞ்சு என்று ஆயிற்று. முன்பெல்லாம் லோடுக்காகப் புரோக்கர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து புரோக்கரின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இப்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பொள்ளாச்சி ரோடு அகலமாகிவிட்டது, லாரிகளுக்கு மர பாடி போய் இரும்பு பாடி வந்துவிட்டது. எங்கள் வண்டி மட்டும் பழைய மர பாடியோடு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் காத்துக்கொண்டுதான் இருந்தார்.

இதனால் எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவர் நேரத்துக்கு வந்ததில்லை. நான் பிறந்த சேதி பஞ்சுப் பொதிக்காகக் காத்திருந்தபோது போய்ச் சேர்ந்தது. பொதியோடுதான் வந்து என்னைப் பார்த்தார். என் கல்யாணத்துக்கு, தாலி கட்டச் சற்று முன்னால், மண்டபத்தின் பின்பக்கம் வெங்காய லோடோடு வந்து இறங்கினார். மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெற்ற மகளைவிட வெங்காயமா பெரிது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபம் பல வருஷம் ஆறவில்லை. அம்மாதான், "சும்மா வந்தா ஆருக்கு லாபம்? மனுசன் வந்துட்டாரல்லொ, உடு கண்ணு" என்று சமாதானம் சொன்னாள்.

வண்டி விஷயத்தில் அம்மாவுக்குக் காதுதான் கண். மெயின் ரோட்டிலிருந்து வண்டி எங்கள் வீதிக்குத் திரும்பும்போதே, "முக்கீட்டு வருது பாரு, வெங்காயமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போவாள்.

போன வருஷம் அம்மா படுத்துவிட்டாள். வயிற்றில் கட்டி. டாக்டர் என்னையும் தம்பியையும் தனியாகக் கூப்பிட்டு, இனி வைத்தியத்தில் ஒன்றுமில்லை, சில நாட்கள்தான், வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று முடிவு செய்தவள் நான். அம்மா ஊசிக்கே நடுங்குகிறவள், தெரிந்தால் மிச்ச நாட்களையும் பயந்தே கழிப்பாள். வெறும் புண், மாத்திரையில் ஆறிவிடும் என்றோம். நம்பினாள். தீபாவளிக்கு யார் யாருக்கு என்ன புடவை என்று பேசிக்கொண்டிருந்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே போய் யாரும் கண் கலங்கக் கூடாது என்று கறாராகச் சொல்லி அனுப்பினேன்.

அப்பா அப்போது சோலாப்பூரில் லோடுக்காக நின்றுகொண்டிருந்தார். போனில் கூப்பிட்டேன்.

"அப்பா, லோடுக்கு நிக்க வேண்டாங்க. காலியாவே வந்துருங்க."

வாதாடுவார் என்று நினைத்தேன்.

"வாரேன் கண்ணு" என்றார்.

"அம்மாளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மூஞ்சில காட்டிக்காம வாங்க."

"செரி" என்றார். எதற்கு, என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் வந்து சேர்ந்தது ஒரு முற்பகலில். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மெயின் ரோட்டிலிருந்து வண்டி திரும்பியது. பலகையெல்லாம் தடதடவென்று அடித்துக்கொண்டது. பின்கதவுச் சங்கிலி கலகலவென்று ஆடியது. அந்தச் சத்தத்தை அந்த வீட்டில் நாங்கள் யாருமே கேட்டதில்லை. வாய்க்கருகே போன கரண்டியை அம்மா வாங்கவில்லை. எல்லாருடைய முகத்துக்கும் ஏற்பாடு செய்திருந்த எனக்கு, வண்டியின் சத்தம் அப்போதுதான் உறைத்தது.

"காலியா வர்றாரு" என்றாள் அம்மா.

"லோடு கெடைக்கலயாம், அம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். "உன்ற கல்யாணத்துக்கே வெங்காயத்தோட வந்த மனுசன்" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. நான்தான் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அப்பா உள்ளே வந்தார். வாசல் குழாயில் முகம் கழுவி, தலை சீவி, நான் சொன்னபடியே சிரித்த முகமாக வந்து கட்டிலோரம் நின்றார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"லோடு கெடைக்கலீங்களாமா? புள்ள சொல்லுச்சு" என்றாள்.

"ஆமா, அங்க ஒரே மழை" என்றார் அப்பா.

"போச்சாதுங்க, உடுங்க. அடுத்த நடைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பிக் கஞ்சிக்கு வாயைத் திறந்தாள்.