சங்கரன்கோவிலுக்கு நண்டு கொண்டுபோன கதை

தம்பி அனஸுக்குக் கல்யாண நாள் குறிக்க வேண்டும். அவன் துபாயில் இருக்கிறான், வாப்பாவுக்கு முட்டுவலி. அதனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியிலிருந்து நான்தான் கிளம்பினேன். கடற்கரைக்காரன் சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா? தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு நண்டு, இறால், கூடவே லாப்ஸ்டர் என்கிறார்களே, அந்தச் சிங்கி இறாலும் நாலு அடுக்கிக்கொண்டேன்.

கோவில்பட்டிக்கு அறுபது கிலோமீட்டர். அங்கே பஸ் மாறி, கழுகுமலை வழியாக இன்னும் நாற்பது. "அண்ணாச்சி, பொட்டி ஒழுகுது, படிப்பக்கம் வையிங்க" என்று கண்டக்டர் இரண்டு தடவை சத்தம் போட்டார். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்தேன்.

பெண்ணின் உம்மா ஆசையாகப் பெட்டியைத் திறந்தார். திறந்த வேகத்தில் பின்னால் நகர்ந்தார். "யா அல்லா, நண்டா!"

"நாங்க ஹனஃபில்லா தம்பி. எங்க மத்ஹபுல இறால் திங்கலாம், நண்டு கூடாது" என்றார் பெண்ணின் வாப்பா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மத்ஹப் என்றால் மார்க்கச் சட்டப் பிரிவு; நாங்கள் ஷாஃபி, எங்களுக்கு நண்டு கூடும். எங்கள் வீட்டில் நண்டு வராத வாரமே கிடையாது. பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுகிறவர் சட்டியில் இப்படி ஒரு வித்தியாசம் இருக்கும் என்று எவன் கண்டான்?

அடுத்து சிங்கி இறாலில் சிக்கல். "இது நண்டாலே?" என்று பெண்ணின் வாப்பா, எனக்கு மாமா முறை, பக்கத்தில் நின்ற தன் மகனிடம் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "கொடுக்கு இல்லை பாருங்க மாமா. நண்டுக்கு வால் வயிற்றடியில் மடங்கியிருக்கும், இதுக்கு விசிறி மாதிரி விரியுது. இறால் சேர்த்திதான்" என்றேன். அவர் அதன் கனத்த கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "சந்தேகம்னு வந்தா விட்டுரணும்" என்றவர், பெட்டியை மூடிக்கொண்டே, "எம்புள்ள அங்கன வந்தா அவளுக்கும் இதத்தான் வைப்பிய. நாள் குறிக்கத அப்புறம் பாப்போம்" என்றார்.

வீட்டுக்கு என்ன பதில் சொல்வேன்?

அப்போது அடுக்களை வாசலில் கல்யாணப் பெண் ஆயிஷா வந்து நின்றாள். "வாப்பா, துபாய்ல இருக்க அவுகளுக்கு எல்லாம் தெரியும். எனக்கு ஆக்கத் தனிச்சட்டி இருந்தாப் போதும்னுதான் போன்ல சொன்னேன். அவுகதான் நிச்சயம் ஆனதுலேர்ந்து நண்டே தொடுதது இல்ல."

பல் முளைத்த நாளிலிருந்து நண்டு கடித்த எங்கள் அனஸா! மாமா மகளைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் காலண்டரை எடுத்து வந்தார்.

இந்தப் பக்கம் சம்பந்தம் பேசப் போகிறவர்கள், என்ன சாப்பிடுவார்கள் என்று முதலில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். இறாலையும் நண்டையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். திரும்பும்போது என் நண்டும் சிங்கி இறாலும் ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போயின. அவருக்கு வாயெல்லாம் பல்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அனஸுக்குப் போன் போட்டேன். "நெசமாடா?"

"ஆமா காக்கா" என்றான்; எங்கள் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்போம். "உம்மாட்ட சொல்லிராதீங்க. நான் வந்தா நண்டு ஆக்கணும்னு இப்பவே சொல்லிக்கிட்டிருக்காங்க."