வால்வுல லேசா லீக்

அவருக்கு வாஷர் என்றுதான் பெயர் நிலைத்துவிட்டது. எந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, வாஷர் போயிருக்கு" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். குழாய் வேலைக்காரர். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்தும், மாடித் தொட்டிக்குள் இறங்கியும் ஒரே மகளை இன்ஜினியராக்கியவர்.

மகளுக்குச் சரக்குக் கப்பல் ஒன்றில் பயிற்சி வேலை கிடைத்திருந்தது. வாஷருக்குத் தலைகால் புரியவில்லை. போகிற வீட்டிலெல்லாம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "எம் பொண்ணு கப்பல் இன்ஜினைப் பாக்கப் போறா" என்று சொல்லாமல் வேலையை ஆரம்பிக்கமாட்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் படியேறும்போது மூச்சு வாங்கியது. மனைவி விடவில்லை, இதய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைத் தடவித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், பக்கத்திலிருந்தவளிடம், "வால்வுல லேசா லீக், எழுதிக்கோ" என்றாள். படுத்திருப்பவருக்கும் காது உண்டு என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். நடுவில் போன் வந்தது, சிரித்துப் பேசினார். வைத்துவிட்டு, "ஆறு மாசம் கழிச்சு வாங்க, இன்னொரு தடவை எடுத்துப் பாப்போம்" என்றார்.

"டாக்டர், ஏதோ லீக்குன்னு..."

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

அடுத்த நோயாளி அதற்குள் உள்ளே வந்து நின்றுவிட்டார்.

பாத்துக்கலாமாம்! யார் பார்த்துக்கொள்வது, எதைப் பார்த்துக்கொள்வது? ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தவர், கண்டதை அந்த மனிதனிடம் சொல்ல வாய் வலிக்குமா?

வேறு யாராவதாக இருந்தால் 'லேசா' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள். வாஷருக்கு 'லீக்' மட்டும்தான் காதில் நின்றது. வால்வைப் பற்றி அவருக்கா தெரியாது? அங்கேதான் வினையே வந்தது. எந்தக் கசிவும் லேசாகவே நின்று அவர் பார்த்ததில்லை. இன்று சொட்டும், நாளை ஒழுகும், ஒரு நாள் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு வீட்டையே நனைக்கும். குழாய் என்றால் தொட்டியிலிருந்து வரும் மெயின் குழாயை மூடிவிட்டுப் புது வால்வைப் போடலாம். நெஞ்சில் எந்த மெயினை மூடுவது? ஆறு மாதம்தான் தாங்கும் என்று டாக்டர் நாசூக்காகச் சொல்லிவிட்டதாக அவரே முடிவுகட்டினார்.

மகள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். "ரிவியூக்கு வரும்போது டாக்டரே சொல்வாருங்க" என்று தேன் குரலில் பதில் வந்தது. மறுபடி செய்தாள். மறுபடி அதே தேன். நேரில் போனாள். ரிவியூ தேதி இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றார்கள்.

வாஷர் வேலைக்குப் போவதை நிறுத்தினார். குனிந்தால் பயம், இருமினால் பயம். மனைவி ஒரு தண்ணீர்க் குடத்தைக்கூட அவரைத் தொடவிடவில்லை. மகள் கப்பலேறும் நாள் நெருங்கியது. வாழ்நாளில் மகளிடம் ஒன்றும் கேட்டறியாத மனிதர், அன்றைக்குக் கேட்டார்.

"ஆறு மாசம் மட்டும் கூட இரும்மா. அப்புறம் உன்ன யாரு பிடிச்சு வைக்கப் போறா?"

அவள் கப்பல் கம்பெனியிடம் ஆறு மாதத் தவணை கேட்டாள். வருத்தம் தெரிவித்தார்கள், அவள் இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டு அவள் குளியலறைக்குள் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. தண்ணீர் வாளியில் விழவில்லை, தரையில் சும்மா விழுகிறது என்று வெளியே உட்கார்ந்திருந்தவருக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. தன்மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது.

கெடு முடிந்தது. உயிர் போகவில்லை. மகளோடு மறுபடியும் போனார். மறுபடியும் எக்கோ, மறுபடியும் அதே டாக்டர்.

"எல்லாம் அப்படியேதான் இருக்கு. நார்மல்."

"அப்ப அந்த லீக்?" என்று மகள் கேட்டாள்.

"அதுவா? எத்தனையோ பேருக்கு இருக்கும்மா. உனக்கு எடுத்தாக்கூட இருக்கலாம். அதால இவருக்கு ஒண்ணும் ஆகாது."

"மூச்சு வாங்குச்சே?"

"வெயிட் போட்டிருக்காரு. தினம் நடக்கச் சொல்லு."

வாஷர் மேஜைப் பக்கம் குனிந்தார். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, டாக்டர்?"

"அதான் ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு சொன்னேனே! பெரிசா ஏதாவது இருந்தா அன்னைக்கே அட்மிட் பண்ணியிருப்பேனே. இதுகூடவா புரியாது?"

புரியவில்லையாம்! வாயைத் திறக்காதவர் மேல் குற்றமில்லை, திறக்காத வாயிலிருந்து சேதியைப் பிடுங்கத் தெரியாத குழாய்க்காரன் மேல்தான் குற்றம். பிழைத்துக்கொண்டோம் என்ற சந்தோஷம் வாஷருக்கு மருந்துக்குக்கூட வரவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் மனம் வரவில்லை.

அவர் முகத்தைப் பார்த்த டாக்டருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். பேனாவை மூடி வைத்துவிட்டு, முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தார்.

"நல்ல சேதிதானே, சந்தோஷமா போங்க. ஆமா, பொண்ணு என்ன பண்றாங்க?"

எத்தனை வீடுகளில், யாரும் கேட்காமலேயே அவர் பதில் சொன்ன கேள்வி அது.

இப்போது மகள்தான் சொன்னாள். "எங்கப்பா எப்ப சாவார்னு வீட்ல காத்துக்கிட்டிருந்தேன், டாக்டர்."