ஆறு பாகத்துக்குக் கீழே வலித்த பல்

பு யாங்சிம்மைப் பற்றி யாராவது கேட்டால், மற்றவர்கள் அவள் எடுத்த சிப்பிகளிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்கட்டும். எங்கள் ஜேஜு தீவில் சிப்பி எடுக்க ஆளா இல்லை? நான் அவள் கடைவாய்ப் பல்லிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

நாங்கள் மூச்சடக்கி முக்குளிக்கிற பெண்கள். எங்கள் துறையில் ஆழம் ஆழக்காரிகளுக்கு, கரையோரத் தண்ணீர் வயதானவர்களுக்கு. ஆழம் போகத் தெரிந்தவள் கரையோரத்தில் ஒரு சங்கைத் தொட்டாலும் அது திருட்டுதான். யாங்சிம் ஆழக்காரி. இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்; அப்படி எட்டு பாகம் இறங்கி, மேலே வந்ததும் விசில் மாதிரி ஒரு மூச்சு விடுவாள். பக்கத்தில் மிதக்கும் எனக்கு அதைக் கேட்டால்தான் வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு ஒரு விசித்திரமான வலி வந்தது. ஆறு பாகம் தாண்டியதும் இடது தாடையில் ஊசி ஏற்றினாற்போல் வலிக்கும். மேலே வந்தால் போயே போச்சு. கரையில் காய்ந்த கணவாய் மீனைக் கறுக்முறுக்கென்று கடித்துத் தின்பாள்.

துறையில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள்.

"காது அடைச்சிருக்கும்டி. மூக்கைப் புடிச்சு ஊது."

"அதெல்லாம் இல்ல, பொடி பத்தல. ஒண்ணுக்கு ரெண்டா போட்டுக்கோ."

பொடி என்றால் தலைவலிப் பொடி. கடலில் இறங்கினால் எங்களுக்குத் தலை பிளக்கும் என்பதால் இறங்குமுன் ஒரு பொட்டலம் வாயில் கொட்டிக்கொள்வோம். போகப்போக, களை எடுக்கப் போனாலும் சந்தைக்குப் போனாலும் ஒரு பொட்டலம். செருப்பு மாட்டுகிற மாதிரி ஆகிவிட்டது அது.

யாங்சிம் ரெண்டாகவும் போட்டுப் பார்த்தாள். ஒரு நாள் அடியாழத்தில் வலி வெட்டிய வெட்டில் வாயைத் திறந்துவிட்டாள். நான் முங்கிப் போய் முடியைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்தபோது முகம் நீலம் பாரித்திருந்தது. எங்கள் தலைவி ஹியோன் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"பல்லைச் சரி பண்ணிட்டு வா. அதுவரைக்கும் ஆழம் கிடையாது. பாட்டிங்களோட கரையில கிட."

நாற்பத்தி நாலு வயது ஆழக்காரியைக் கரைக்கு அனுப்புவது என்றால் சும்மாவா? வேறொருத்தியாக இருந்தால் வீட்டில் முக்காடு போட்டுப் படுத்திருப்பாள். யாங்சிம் மறுநாள் காலையில் மிதவையோடு கரையோரத் தண்ணீரில் நின்றாள். முங்கினாள், எழுந்தாள், முங்கினாள். வலைப்பையில் ஒன்றும் இல்லை. அங்கே எடுக்கிற ஓக்ரான் அத்தைக்கு எண்பது வயது. அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கத்திவிட்டாள்.

"ஏண்டி, ரெண்டு சங்கு எடுத்தா நான் செத்தா போயிடுவேன்?"

"அது உங்களுது அத்தை. மூச்சு மறந்துடக்கூடாதுன்னுதான் முங்கறேன்."

"பெரிய மகாராணி!" என்றாள் அத்தை. ஆனால் அதன்பிறகு யாரையும் யாங்சிம்மைக் கிண்டல் செய்ய விடவில்லை.

இதற்கிடையே பல்காரர் பாங் தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். படிப்பும் கிடையாது, பெயர்ப் பலகையும் கிடையாது. வீடு வீடாக வந்து பல் பிடுங்குவார், தங்க மூடி போடுவார். யாங்சிம்மின் கீழ்க்கடைவாயில் மின்னும் தங்க மூடியும் அவர் கைவேலைதான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"மேல் பல்லுதான். புடுங்கிடலாம், ரெண்டு நிமிஷம்."

"மேலயா கீழயான்னு எனக்கே தெரியல. இடது பக்கம் மொத்தமா வலிக்குது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அனுபவம்!"

"உங்க அனுபவம் என் வாயில வேணாம்."

அந்த ஒரு பதிலுக்கே அவளுக்கு மாலை போடலாம். வலி தாங்காமல் இடுக்கிக்கு வாயைக் காட்டிய எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

நானும் யாங்சிம்மும் பஸ் ஏறிச் சொகிபோ நகரத்தில் பல் டாக்டர் மா என்ற பெண்ணிடம் போனோம். டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டினாள், சில்லென்று எதையோ வைத்துப் பார்த்தாள், படம் எடுத்தாள். ஒன்றும் வலிக்கவில்லை.

"மருந்து ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?"

"இல்லையே" என்றாள் யாங்சிம். நானும் பலமாகத் தலையாட்டினேன்.

"படத்துல தங்க மூடி அடியில இருக்கறதை மறைக்குது. ஆனா வலிக்காத பல்லை நான் உடைச்சுத் திறக்க மாட்டேன். எந்தப் பல்லுன்னு தெரியணும். வலிக்கும்போது வாங்க."

"வலிக்கும்போது கடலுக்கடியில வந்து பாருங்களேன்!" என்று நான் எகிறினேன். யாங்சிம் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். வழியெல்லாம் நான் பொருமினேன்.

அப்புறம் புயல் வந்தது. கடலும் இல்லை, வயலும் இல்லை. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். இரண்டாம் நாள் மழையில் சொட்டச் சொட்ட யாங்சிம் என் வீட்டுக்குள் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, வலிக்குது! ஜில்லுன்னு முள்ளங்கி ஊறுகாத் தண்ணி குடிச்சேன், சுரீர்னு புடிச்சுக்கிச்சு!"

"வலிக்குதுன்னு ஓடியாந்து சிரிக்கிற பைத்தியத்த இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"ரெண்டு நாளா வெளிய போகல, பொடியும் போடல. அன்னிக்கு பஸ் ஏறும்போது நாம பொடி போட்டோமே, நெனப்பிருக்கா?"

"ஆமா, அதுக்கென்ன? வீட்ட விட்டுக் கிளம்புனா போடறதுதானே. அதென்ன மருந்தா?"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். கரையில் வலியை அமுக்கி வைத்திருந்தது அந்தப் பாழாய்ப்போன பொடி. ஆழத்து அழுத்தத்துக்கு முன்னால்தான் அதன் பாச்சா பலிக்கவில்லை.

மழை விட்டதும் பொடியே போடாமல் மறுபடி போனோம். தலைவலியில் அவள் கண் சிவந்திருந்தது. டாக்டரிடம் போனவுடன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"டாக்டரம்மா, அன்னிக்குத் தப்பா சொல்லிட்டேன். நாங்க தினம் பொடி போடுவோம். இன்னிக்குப் போடல. இப்பத் தட்டுங்க."

மேல் பற்களைத் தட்டியபோது அசையாமல் இருந்தாள். தங்க மூடியைத் தட்டியதும் நாற்காலியிலிருந்து எம்பிவிட்டாள்.

மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரே சொத்தை. அழுகலைக் கூடச் சுரண்டாமல் மேலே தங்கத்தைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த அனுபவசாலி.

"உள்ள நரம்பு வீங்கியிருக்கு. மூடிக்கு அடியில பொந்து. ஆழத்துல கடல் அழுத்தறப்ப அங்கதான் வலிக்குது. பிடுங்க வேணாம். நரம்பை எடுத்து, வேர் வரைக்கும் சுத்தம் பண்ணி அடைச்சுடலாம்" என்றாள் டாக்டர்.

"மேல் பல்லு?"

"அது நல்ல பல்லும்மா."

அதற்குப் பிறகும் பலமுறை பஸ் ஏறினாள். இடைப்பட்ட நாட்களில் கரையோரத்தில் வெறும் வலைப்பையோடு முங்கி எழுந்தாள். புது மூடி போட்டு, டாக்டர் இனி இறங்கலாம் என்ற பிறகுதான் ஹியோன் அவளைப் படகில் ஏற்றினாள்.

அன்று யாங்சிம் பொடி போடவில்லை. "நெசமா ஆறிடுச்சான்னு தெரிய வேணாமா?" என்று சொல்லிவிட்டுத் தலைகீழாக இறங்கினாள். நான் மிதவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தேன். இந்தப் பாழும் கடலை அன்றைக்குத் திட்டியது போல நான் என்றைக்கும் திட்டியதில்லை. கடைசியில் அந்த விசில் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வலிச்சுதாடி?"

"பல்லு கம்முனு இருக்கு. தலதான் விண்விண்ணுங்குது" என்று சிரித்தாள். கையில் உள்ளங்கையை விடப் பெரிய பாறைச்சிப்பி.

கரைக்கு வந்ததும் நேரே போய் அதை ஓக்ரான் அத்தையின் வலைப்பையில் போட்டாள்.

"என்னடி இது?"

"இத்தன நாள் உங்க தண்ணியில கெடந்தேன்ல."

"கூறுகெட்டவளே, கடிக்க எனக்குப் பல்லு எங்கடி இருக்கு? ஒவ்வொண்ணா அந்த பாங்தான் புடுங்கிட்டுப் போனானே!"

"கஞ்சி வச்சுத் தர்றேன், வாங்க."

பொடிப்பொடியாக அரிந்து, நல்லெண்ணெயில் வதக்கி, அரிசியோடு குழையக் காய்ச்சினாள். அத்தை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டாள்.

"அவன் புடுங்குன என் பல்லுல எத்தன நல்ல பல்லோ" என்றாள்.

யாங்சிம் கரண்டியை எடுத்து, ஊதி ஆற்றி, அடுத்த வாயைக் கொடுத்தாள்.