நாலு எண்ணிக்கை மௌனம்

இருபத்து மூன்று வருடங்களாக நகர இசைக்குழுவில் பெரிய முரசு அடிப்பவள் அவள். பகலில் பேருந்துப் பணிமனையில் டயருக்குப் பஞ்சர் ஒட்டும் வேலை. இரண்டு இடத்திலும் அவளுக்கு 'டமாரம்' என்றுதான் பெயர். அவள் புருஷன் இருக்கிறாரே, அவருக்கு வாய் சும்மா இருக்காது. "மூணு மணி நேரம் நின்னு மூணு அடி அடிக்கிறதுக்கு இவ்வளவு சீவிச் சிங்காரிச்சுக்கணுமா?" என்பார்.

"அந்த மூணை நீங்க சரியா அடிச்சுக் காட்டுங்க, பார்க்கலாம்."

அடிப்பதா கஷ்டம்? அடிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். மற்றவர்கள் வாசிக்க, இவள் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும். ஒன்று பிசகினாலும் மானம் கப்பலேறிவிடும்.

அந்த வருடக் கச்சேரிக்கு எடுத்தது ஒரு பழைய சோக நாடகத்தை வைத்து எழுதிய இசை. தோற்ற ராணியை மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்கிறான் ராஜா. பித்தளைக் குழல்கள் அத்தனையும் சேர்ந்து அவன் குரலாக அதட்டும். பிறகு எல்லா வாத்தியமும் நின்று, நாலு எண்ணிக்கைக்கு மௌனம். அதுதான் ராணியின் பதில். அப்புறம் முரசில் ஒரே அடி. அவள் தலை விழுகிறது.

இசைக்குழுவை நடத்தப் புதிதாக வந்த இயக்குநருக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை. "முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சு ஜனங்க கை தட்டிடுவாங்கம்மா. நான் கோலை இறக்கினதும் அடிச்சிடுங்க," என்றார் ஒத்திகையில், கையிலிருந்த தாளக்கோலை ஆட்டிக் காட்டி.

"ராணி பணியாம நிக்கிற இடம் சார் அது. அதையும் பிடுங்கிட்டா அவளுக்கு என்ன இருக்கு?"

"சொன்னதைச் செய்ங்க. இல்லன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்."

முரசை விட்டால் அவளுக்கென்று வேறு என்ன இருக்கிறது? பணிமனையில் எத்தனை அதட்டலுக்கு உடனே 'சரிங்க சார்' சொல்லியிருப்பாள்!

கச்சேரி அன்று அரங்கு நிறைந்திருந்தது. பித்தளைக் குழல்கள் அதட்டி ஓய்ந்தன. இயக்குநரின் கோல் இறங்கியது. அவள் அடிக்கவில்லை.

ஒன்று. கோல் வெடுக்கென்று இன்னொரு முறை இறங்கியது. இரண்டு. முன்வரிசையில் ஒருவர் கைதட்டப் போய், தடியை ஓங்கியபடி நிற்கிறவளைப் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டார். மூன்று. அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை. நாலு. 'போடா!' என்று மனசுக்குள் சொல்லி ஓங்கி அடித்தாள்.

மேடைக்குப் பின்னால் இயக்குநர் பாய்ந்து வந்தார். "நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்!"

அவள் முரசுத் தடியை அவரிடமே நீட்டினாள்.

"வரலை சார். ஆனா புதுசா வர்றவங்களை நாலு எண்ணச் சொல்லுங்க. இன்னைக்குக் கேட்டவங்க எல்லாரும் இனிமே எண்ணுவாங்க."