சவரிமுத்துவும் என் வலது கட்டைவிரலும்

சவரிமுத்து இறந்துவிட்டார் என்று மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் சொன்னார்கள். மாரடைப்பு, மறுநாள் ஆவூரில் அடக்கம். “யாரு, அந்தக் கைவலி வைத்தியரா?” என்று கேட்டுவிட்டு ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்தார். நான் என் டிபன் பாக்ஸைத் திறக்காமலே எழுந்தேன். வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். திருக்கோகர்ணத்தில் அவர் நடத்திய பிசியோதெரபி அறைக்கு உங்களில் பலர் போயிருக்கிறீர்கள். பிறகு பலர் நின்றுவிட்டீர்கள். அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் நம் ஆசிரியர் இதழில் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பின்னால் பணியில் சேர்ந்தவர் தலைமையாசிரியர் ஆனார். இன்றுவரை அதை நான் மன்னிக்கவில்லை. ஆறு மாதம் புகாரும் மேல்முறையீடுமாகக் கைபேசியில் தட்டிக்கொண்டே இருந்தேன், எல்லாம் வலது கட்டைவிரலால். மணிக்கட்டின் ஓரத்தில் வலி தொடங்கியது. நம் ஊர் வழக்கப்படி சுளுக்கு என்று நினைத்து, கறம்பக்குடியில் ஒருவரிடம் மூன்று வாரம் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டேன். வீக்கம் கூடியது. பிறகுதான் சவரிமுத்துவிடம் போனேன்.

அன்று எனக்கு முன்னால் விராலிமலையிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் ஒரு மணி நேரத்துக்கு மடங்குவதில்லையாம்.

“கரண்டு வச்சு விடுங்க தம்பி, போயிர்றேன்.”

“வைக்கலாம்மா. இன்னைக்குச் சுகமா இருக்கும், அப்புறம் வெரல் கோணிக்கிட்டு நிக்கும். ரெண்டு கையும் சேந்து வீங்குனா மூட்டுவாதமா இருக்கலாம். பெரியாஸ்பத்திரியில ரத்தம் பாத்துட்டு வாங்க.”

“பஸ்ஸேறி வந்தவள இங்கிட்டுமங்கிட்டும் அலைய விடுறீங்களே” என்று முனகிக்கொண்டே அந்த அம்மாள் போனார். வந்தவரைத் திருப்பி அனுப்புகிற ஆள் எப்படிப் பிழைப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. “கட்டைவிரல உள்ள மடக்கி மூடுங்க சார். அப்படியே கையச் சுண்டுவிரல் பக்கம் சாய்ங்க.” சாய்த்தேன், உயிர் போனது. “இது சுளுக்கில்ல. கட்டைவிரல இழுக்குற தசைநாண் ஓடுற உறை வீங்கியிருக்கு. நீவுனா ஏறத்தான் செய்யும்.” விரல் அசையாதிருக்க ஒரு பட்டை தந்தார். ஐஸ் ஒத்தடம் சொன்னார். ஆறு வாரம் கைபேசியில் தட்டக் கூடாது என்றார்.

மேல்முறையீட்டுக்குக் கெடு நெருங்குகிறது என்றேன்.

“நீங்க யார் மேல எழுதுறீங்களோ அவருக்குக் கை நல்லாத்தான் சார் இருக்கு. ஒங்களுக்குத்தான் வீங்கிக் கெடக்கு.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் எழுதினேன்: இவருக்கு வைத்தியம் தெரியாது, நோயாளிகளைக் கேலி செய்கிறார், முடியாத கேஸை விரட்டிவிடுகிறார். எனக்கு நன்றாக எழுத வரும். நீங்கள் நம்பினீர்கள்.

அவர் தந்த பட்டையைப் போடவில்லை, தட்டுவதையும் நிறுத்தவில்லை. இரண்டு மாதத்தில் சாக்பீஸ் பிடிக்க முடியாமல் போனது. சட்டைப் பித்தானை என் மனைவி போட்டுவிட்டாள். வேறு வழியில்லாமல் மறுபடி அவரிடம் போனேன். பெஞ்ச் காலியாக இருந்தது.

“வாட்ஸப்புல ரொம்ப நீளமா அடிச்சிருந்தீங்க சார். எந்த வெரலு?”

வலது கட்டைவிரலைக் காட்டினேன்.

“இம்புட்டு வலியோடயா?”

“ஆமா.”

“அப்பக் கோவம் பெருசுதான்” என்று சொல்லிப் பட்டையை மாட்டிவிட்டார். இனி ஓய்வு மட்டும் போதாது என்று எலும்பு மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் அந்த உறைக்குள் ஓர் ஊசி போட்டார். பிறகு சவரிமுத்துவே பல வாரம் பயிற்சி கொடுத்து விரலை மீட்டுத் தந்தார். அந்தப் பதிவைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துப் போவேன், சொல்லாமல் திரும்புவேன். பதிவையும் நீக்கவில்லை. நீக்கினால் தோற்றதாகிவிடும் என்று இருந்தது.

ஆவூருக்குப் போனேன். மண் போட்டுவிட்டு நகர்ந்தபோது அவர் மனைவி என்னை நிறுத்தினார்.

“சார் வாத்தியாருங்களா? முன்னெல்லாம் நெறையப் பேரு வருவாங்க, இப்ப ஏன் வர மாட்டேங்கிறாங்கன்னு தெரியலயேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு.”

அவருக்குக் காரணம் தெரியும். தன் மனைவியிடம்கூட என் பெயரைச் சொல்லவில்லை. நான் பள்ளியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது வலியில்லாத ஒரு கட்டைவிரல். என் மற்றக் கோபங்கள் அப்படியே இருக்கின்றன, அவற்றை விடப்போவதில்லை. ஆனால் அவரைப் பற்றி நான் எழுதியது பொய். இந்த இதழ் அவர் வீட்டுக்கும் போகும். அன்று கல்லறைத் தோட்டத்தில் சொல்லாத என் பெயர் இதன் கீழே இருக்கிறது.