கையை முந்தும் கேமரா

முன்பக்க அறையில் உட்கார்ந்து பல் மருத்துவர் பல்லைப் பிடுங்குவார். பின்பக்க அறையில் உட்கார்ந்து பல்லக்கா பல்லைச் செய்வாள். நடுவில் ஒரு சுவர், எப்போதும் சாத்தியே கிடக்கும் ஒரு கதவு. மெழுகை உருக்கி, வளைத்து, சுரண்டி, பீங்கான் மாவைக் குழைத்துப் பூசி, சின்ன அடுப்பில் சுட்டு எடுத்து, ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பாள். ஒரு மாற்றுக் குறைந்தாலும் தன்னைத்தானே நாலு திட்டுத் திட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பாள். அவள் செய்த பல்லை மாட்டிக்கொண்டு யார் எங்கே சிரிக்கிறார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. கதவைத் திறந்து வந்து சிரித்துக் காட்டிவிட்டுப் போக யாருக்குத் தோன்றும்?

அதனால்தானோ என்னவோ, சிரிக்கிற முகத்தைப் படம் எடுக்கும் பித்து அவளுக்குப் பிடித்துக்கொண்டது. நிறம் ஒப்பிடுவதற்காகப் பல்லை ஃபோனில் படம் எடுத்துப் பழகிய கை, மெதுவாக வெளியிலும் நீண்டது. காய்கறிக்காரர், பக்கத்து வீட்டு இரட்டைக் குழந்தைகள், காலையில் பூங்காவுக்கு நடக்க வருகிறவர்கள் என்று ஒருவரையும் விட்டுவைப்பதில்லை. “ஒரே ஒரு தடவை சிரிச்சுட்டுப் போங்களேன்” என்று அவள் கேட்கிற தோரணையிலேயே பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள்.

சிக்காத ஒரே ஆள் அவள் வீட்டுக்காரர்தான்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே அன்றைக்கான கதை ஆரம்பித்துவிடும். “ரிவர்ஸ் எடுங்கம்மான்னு சொன்னேன். சீட்டு மேல முட்டி போட்டு, முழுசாத் திரும்பி உட்கார்ந்துட்டாங்க. கால் இங்க இருக்கு, பிரேக் அங்க இருக்கு!” சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பார், கண்ணில் தண்ணீர் வரும். அதே நொடியில் இடது கை மேலே போய் வாயைப் பொத்திவிடும்.

கல்யாணமான புதிதில், கற்றுக்கொள்ள வந்த ஒருவர் போட்ட பிரேக்கில் அவருடைய முன்பல் ஒன்று போய்விட்டது. ஓட்டையை மறைக்கக் கை வாய்க்குப் போனது அப்போதுதான். பல்லக்கா வேலையில் சேர்ந்திருந்த புதிது. அந்த இடத்துக்கு அவளே ஒரு பல் செய்தாள், அவள் செய்து ஒருவர் வாயில் ஏறிய முதல் பல். பல் வந்த பிறகும் கை மட்டும் இறங்கவில்லை. பழக்கதோஷம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

விட்டதுதான் தப்பாகப் போயிற்று. கூடத்துச் சுவரில் இருக்கிற அத்தனை படத்திலும் மனிதர் அடர்ந்த மீசைக்குக் கீழே உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். மகள் பட்டம் வாங்கிய படத்தில்கூட, யாரோ தன்னைத் திட்டி முடிப்பதற்காகக் காத்திருப்பவர் போல இருந்தார். “உங்க வீட்டுக்காரர் கோபக்காரரோ?” என்று அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு விருந்தாளி கேட்டபோது பல்லக்காவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இந்த வீட்டிலேயே அதிகம் சிரிக்கிற மனிதரைச் சுவரில் சிடுமூஞ்சியாக மாட்டி வைத்திருக்கிறோமே! அவர் வாய் திறந்து சிரிக்கிற படம் ஒன்று வேண்டும், ஒன்றே ஒன்று. அதற்கு மேல் அவளுக்கு எந்த ஆசையும் இல்லை.

ஃபோனுக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. அவள் தொட்டு, அது யோசித்துப் படம் பிடிப்பதற்குள் கை வந்துவிடும். ஃபோன் முழுக்க அவருடைய புறங்கைதான். ஜோசியக்காரருக்கும் உதவாத படங்கள்.

சரி, கேமரா வாங்கிவிடலாம் என்று முடிவானது. எதை வாங்குவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. எதற்காக வாங்குகிறாள் என்பதை மட்டும் அவள் அவரிடம் மூச்சுவிடவில்லை.

“முதல் முதலா வாங்கறவங்களுக்குன்னே சின்னதா ஒண்ணு இருக்கு, அது போதும்,” என்றார் அவர். “கத்துக்க வர்றவங்களுக்கு நாங்க என்ன புது வண்டியா குடுக்கறோம்? தட்டி உரசிக் கத்துக்கட்டும்னு சின்ன வண்டிதானே குடுக்கறோம்?”

வேலைக்காக வேறு ஊரில் இருக்கும் மகள் ஃபோனில் அதற்கு நேர்மாறாகப் பேசினாள். “அம்மா, அப்பா பேச்சைக் கேக்காதே. அதுக்கு அடுத்த ரகமா எடு. சின்னதை வாங்கிட்டு ஆறு மாசத்துல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிப்பே.”

பல்லக்காவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: எது கையை முந்தும்?

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்த கடைக்காரர் இரண்டையும் மேஜையில் எடுத்து வைத்தார். சின்னது கைக்கு அடக்கமாக, எடையே இல்லாமல் இருந்தது. பெரியது கனம், விலையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

“வெளிச்சம் நல்லா இருந்தா படம் ரெண்டுலயும் அருமையா இருக்கும் மேடம். வீட்டுல மாட்டற அளவுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா ஓடறது, பறக்கறதுன்னா பெரிசுதான். பட்டனை அமுக்கிப் புடிச்சா கண் இமைக்கறதுக்குள்ள வரிசையா எடுத்துத் தள்ளிடும். உங்களுக்கு எதை எடுக்கணும்? பறவையா?”

“அதைவிட வேகமாப் பறக்கும்,” என்றாள் பல்லக்கா.

முதலில் சின்னதை எடுத்து வீட்டுக்காரர் பக்கம் திருப்பினாள். “ஏங்க, அந்த ரிவர்ஸ் அம்மா நேத்து வந்தாங்களா?” என்று கேட்டதும் அவர் சிரித்தார். அவள் பட்டனை அமுக்கிப் பிடித்தாள். திரையில் பார்த்தால் கை, கை, மறுபடியும் கை. சின்னது தோற்றுவிட்டது.

பெரியதைக் கையில் எடுத்தாள். திரையில் ஒரு பச்சைக் கட்டம் தோன்றி அவர் கண்ணில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் கேமராவை ஆட்டிப் பார்த்தாள். கட்டம் கண்ணை விட்டு நகர்வதாக இல்லை.

“இது ஏன் கண்ணையே போய்ப் புடிக்குது? பல்லுல நிக்கச் சொல்லுங்க.”

“மேடம், தானாக் கண்ணுல நிக்கறதுதான் இதோட பெருமையே. எல்லாரும் அதுக்காகத்தானே கூடக் குடுத்து வாங்கறாங்க?”

“எல்லாரும் பல்லா செய்யறாங்க? கண்ணை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். அதைப் பார்த்து வீட்டுக்காரருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. பல்லக்கா விரலை எடுக்கவே இல்லை. கேமரா படபடவென்று பொரிந்து தள்ளியது.

ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். உதடு பிரிகிறது. அடுத்ததில் வாய் திறக்கிறது. அதற்கும் அடுத்ததில் வாயெல்லாம் பல்லாக, முகம் மொத்தமும் சிரிப்பாக, கை இன்னும் மோவாயைத் தொடாமல் நிற்கிறது. கிடைத்துவிட்டது! தொழில் புத்தி விடுமா? படத்தைப் பெரிதாக்கி நேரே பல்லுக்குப் போனாள். மேல்வரிசையின் நடுவில் ஒரு பல், சுண்ணாம்பு அடித்த சுவர் போல, மற்றதெல்லாம் ஒரு நிறம் என்றால் தான் ஒரு நிறமாக, இம்மி நீளமாகவும் நின்றது.

“எந்தக் கழுதை செஞ்ச பல்லு இது?” கடை முழுக்கக் கேட்டது.

“கழுதைன்னெல்லாம் சொல்லாதே,” என்றார் வீட்டுக்காரர் மெதுவாக. “என் பொண்டாட்டி செஞ்சது.”

பல்லக்காவுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. ஊரார் பல்லையெல்லாம் ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தவள், தன் வீட்டுப் பல்லை, அது வாயில் ஏறிய பிறகு, ஒரு நாளும் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. சாப்பிடும்போதும் பேசும்போதும் மீசை இறங்கி மேல்வரிசையை மறைத்துவிடும். சிரிக்கும்போதுதான் தெரிய வேண்டும். அப்போது கை வந்துவிடும்.

“உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“மாட்டின அன்னிக்கே கண்ணாடில பார்த்தேன். ஆனா நீ, வீட்டுக்கு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் ‘நான் செஞ்ச முதல் பல்லு’ன்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போயிருந்தே. யாராவது பார்த்துட்டு உன் முன்னாடி ஏதாவது சொல்லிட்டாங்கன்னா? அதான் மூடிட்டேன்.”

“அப்போ இந்த மீசை?”

“பின்னே, அழகுக்கா வளர்த்தேன்?”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே, பாவி மனுஷா! நாளைக்கே வாங்க, அதை எடுத்துட்டு வேற மாட்டறேன்.”

“தொட்டுப் பாரு! அது என் பல்லு. தரமாட்டேன்.”

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மேடம், பெரிசுலதான் நீங்க கேட்ட மாதிரியே விழுந்திருக்கே. இதையே பில் போட்டுடவா?”

பல்லக்கா பெரியதை மேஜையில் வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தாள்.

“அதுதான் மெதுவாச்சே மேடம். கை முந்திடும்.”

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். மூக்கு சிவந்து, கண் கலங்கி, கையில் கேமராவோடு நின்ற அவளைப் பார்த்ததும் அவர் சிரித்தார். இடது கை வழக்கம் போலக் கிளம்பியது. நெஞ்சு வரைக்கும் வந்தது, அங்கேயே தயங்கி நின்றது, பிறகு தானாகக் கீழே இறங்கியது. அந்த வெள்ளைப் பல் தெரிய அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். பல்லக்கா அவசரப்படாமல் கேமராவைத் தூக்கினாள், நிதானமாக ஒரே ஒரு முறை அமுக்கினாள்.

“சின்னதே குடுங்க,” என்றாள் கடைக்காரரிடம். “இவரு இனிமே நின்னு சிரிப்பாரு.”