முகம் பிடிபடாத அம்மணி

மீனாட்சிபுரத்தில் நான் பால் ஊற்றும் சொசைட்டியில் பாலைச் சோதித்து எடுப்பவர் ஒரு அம்மணி. சேலைமேல் ஆம்பளைச் சட்டை, கொண்டையில் சொருகிய பேனா. குனிந்த தலை நிமிராமலே, வரிசையில் அடுத்து வருபவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஒருநாளும் தப்பியதில்லை.

அப்படிப்பட்டவர் கொல்லங்கோடு பஸ் ஸ்டாண்டில், நான் எதிரே நின்று சிரித்தும், யாரோ என்பதுபோல் தாண்டிப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை கேனை இறக்கியதும் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க அம்மணி, நேத்து கண்டுங்காணாமப் போயிட்டீங்க?"

"மூஞ்சி எனக்குப் பிடிபடாதுங்க. பொறந்ததுலிருந்தே அப்படித்தான். எங்க ஊட்டுக்காரரையே செருமல வெச்சுத்தான் கண்டுபுடிக்கிறனுங்க. நீங்க வலது செருப்பத் தேச்சுத் தேச்சு நடப்பீங்க. நேத்து வேற செருப்புங்களா?"

புதுச் செருப்புதான்.

"இனிமே பார்த்தா வாயத் தொறந்து கூப்புடுங்க. சும்மா சிரிச்சா நானென்னத்தக் கண்டேன்?"

குரலில் வருத்தமே இல்லை. தப்பு என்னுடையது என்பதுபோல்தான் இருந்தது.

போன வருஷம் வாதம் வந்து என் முகம் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டது. இரண்டு வாரம் கழித்துத்தான் பால் கொண்டுபோனேன். வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பார்வையைத் தரையில் போட்டார்கள். பழைய செருப்பைத் தேய்த்தபடி முன்னால் போனேன்.

"வாங்க. ரெண்டு வாரமா உங்க சத்தத்தையே காணோமுங்களே?" என்று நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தார்.

ஊரில் அவர் ஒருத்தருக்குத்தான் நான் பழைய ஆளாகவே இருந்தேன். கோணல் வாயோடு சிரித்தேன். அப்புறம் நினைவு வந்து, வாயைத் திறந்து "ஆமாங்க அம்மணி" என்றேன்.